சிறுமலை இறக்கத்தில் எண்ணெய் குடித்த கார்

போன மாதம் எங்கள் மெக்கானிக் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வேலையை விட்டு ஒதுங்கியவன் என்பதால் எனக்கும் ஒரு சால்வை போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கம்ப்யூட்டர் வைத்து வண்டியைச் சோதிக்கும் தம்பிகள் ஒவ்வொருவராக மேடையேறிப் பேசினார்கள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. நல்ல கருவி எது வந்தாலும் வரட்டும். ஒரு தம்பி, பழைய வண்டிகளில் இன்ஜின் ஆயில் குறைவதைப் பற்றிப் பேசினார். நன்றாகவே பேசினார். முடிக்கும்போது கூட்டத்தைச் சிரிக்க வைக்க ஒரு கதை சொன்னார்.

“நம்ம ஊர்லயே நடந்தது இது. ஒரு வாழைக்காய் மண்டிக்காரரோட அம்பாசடர், ஆயிலாக் குடிச்சுத் தள்ளுச்சாம். ஒரு மெக்கானிக்காலயும் கண்டுபிடிக்க முடியல. கடைசில மொதலாளி டிரைவர மாத்துனாரு. அன்னைல இருந்து ஆயில் குறையறது நின்னு போச்சு. அதனால மொதல்ல ஸ்கேனர டிரைவர் மேல மாட்டுங்கப்பா.”

மண்டபமே சிரித்தது. நான் சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். பேசிய தம்பி பின்னாலேயே ஓடி வந்தார்.

“ஐயா, ஏதும் தப்பாச் சொல்லிட்டனா?”

“அந்த டிரைவர் பேரு தெரியுமாப்பா?”

“தெரியாதுங்கய்யா. கேள்விப்பட்டதுதான்.”

“எனக்குத் தெரியும். அந்தக் காரையும் தெரியும்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. சங்க மலரில் போடுகிறோம், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். அதற்காகத்தான் இது. கொஞ்சம் கோபம் ஆறட்டும், பிறகு எழுதுங்கள் என்றாள் என் மனைவி. இத்தனை வருடம் ஆறாதது இனிமேலா ஆறப் போகிறது?

நான் தொழில் பழகியதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, பழனி சாலையில் இருந்த ஒரு பட்டறையில் ஸ்பேனர் கழுவப் போனேன். அடி வாங்கினேன், திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன். தொண்ணூறுகள் பிறந்தபோது அதே பட்டறையில் இன்ஜின் வேலைக்கு மூத்த ஆள் நான்தான். பட்டறை வேறொருவருக்குச் சொந்தம் என்றாலும் அங்கே சொல் செல்லுபடியானது ஃபோர்மேன் துரைராஜுக்குத்தான்.

துரைராஜைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. சலவைச் சட்டை, பையில் இரண்டு பேனா. பானெட்டுக்குள் குனிய மாட்டார். இரண்டடி தள்ளி நின்று, பேனாவால் மட்கார்டில் தட்டி, “ரிங் போயிருச்சு”, “ஹெட்டக் கழட்டு” என்று தீர்ப்பு சொல்வார். பல நேரம் சரியாகவும் இருக்கும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அவர் பட்டறையில் ஒரு சட்டம் வைத்திருந்தார். வண்டியின் கோளாறை அந்த வண்டிக்குச் சொந்தக்கார முதலாளியிடம் மட்டும்தான் கேட்க வேண்டும். டிரைவரிடம் கேட்கக் கூடாது. வண்டியை விட்டதும் டிரைவர் சாவியைக் கொடுத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் போய் நின்றுகொள்ள வேண்டும்.

“அவிங்ககிட்டக் கேட்டா, அவிங்க தப்ப மறைக்கத்தான் பாப்பாங்க. வண்டி பொய் சொல்லாது. டிரைவர் சொல்லுவான்” என்பார்.

எண்ணெய் திருடும் டிரைவர்களே ஊரில் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருந்தார்கள். ஊற்றக் கொடுத்த டின்னைப் பிரிக்காமலே வெளியே விற்றுவிட்டு, வண்டி குடித்துவிட்டது என்று கணக்குச் சொன்னவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதற்காக எல்லோரையும் மரத்தடியில் நிறுத்துவதா? வண்டியோடு நாள் முழுக்க இருப்பவன் அவன். பெடலில் கால் வைத்திருப்பவன் அவன். அவனிடம் கேட்காமல், பின்சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு வருகிறவரிடம் கோளாறைக் கேட்பது என்ன முறை என்று எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வெள்ளை அம்பாசடர் வந்தது. பெட்ரோல் வண்டி, நிறைய ஓடியது. வாழைக்காய் மண்டி முதலாளி ஒருவருடையது. சிறுமலையில் அவருக்குத் தோட்டம் இருந்தது. வாரத்தில் பாதி நாள் கார் மலைக்குப் போய் வரும். அதை ஓட்டியவர் சவரிமுத்து. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதிகம் பேசமாட்டார். பெடல் ரப்பரைக்கூடத் துடைத்து வைத்திருப்பார்.

கார் எண்ணெய் குடிக்கிறது என்பதுதான் புகார். ஊற்றி நாலைந்து நாளில், அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் கம்பியில் கீழ்க்கோட்டுக்கு வந்துவிடுகிறதாம்.

எண்ணெய் குறைகிறது என்றால் இரண்டே வழிதான். ஒழுக வேண்டும், இல்லை எரிய வேண்டும். ராத்திரி காருக்கு அடியில் அட்டையை விரித்து வைத்தேன். காலையில் ஒரு சொட்டுதான் இருந்தது. அந்தக் காரின் வயதுக்கு அது ஒழுக்கே இல்லை. ஆகவே எரிகிறது. எங்கே எரிகிறது? பிஸ்டன் ரிங் தேய்ந்தால் எண்ணெய் கீழேயிருந்து மேலே ஏறும். வால்வு ஏறி இறங்கும் குழாயான கைடும், எண்ணெயைத் தடுக்கும் அதன் ரப்பர் சீலும் கெட்டால் மேலேயிருந்து கீழே இறங்கும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். ரிங் போன வண்டியில் அந்த வாயிலிருந்து குபுகுபுவென்று புகை வரும். இதில் வரவில்லை. பிளக்கைக் கழற்றி நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன், அதாவது உள்ளழுத்தம், பார்த்தேன். நாலும் ஏறக்குறைய ஒரே அளவு. ரிங் நன்றாக இருந்தது.

மறுநாள் காலை காரை நான்தான் ஸ்டார்ட் செய்தேன். சைலன்சரிலிருந்து ஒரு வாய் நீலப் புகை வந்து உடனே நின்றுவிட்டது. ராத்திரி முழுக்க வால்வு வழியாகக் கசிந்து தேங்கிய எண்ணெய் அது. துரைராஜ் பத்து மணிக்குத்தான் வருவார். அவர் வரும்போது எல்லா வண்டியும் சூடேறி வரிசையில் நிற்கும். அந்தப் புகையை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

“சார், வால்வு சீலா இருக்கும்னு தோணுது. காலைல நீலமா விட்டுச்சு.”

“அது பனிப் புகைலே.”

“பனி வெள்ளையாத் தெரியும் சார்.”

“ஏலே முருகேசா, கம்ப்ரஷன் சரியா இருக்குல்ல? மேல என்ன வேணும்? வண்டில கோளாறு இல்ல. கோளாறு வெளிய மரத்தடில நிக்குது.”

அதை நிரூபிக்க அவரே ஒரு சோதனை வைத்தார். மேல்கோடு வரை எண்ணெய் ஊற்றி, சவரிமுத்துவை நிறுத்திவிட்டு, பாண்டி என்ற வேறொரு டிரைவரிடம் சாவியைக் கொடுத்தார். முதலில் வத்தலக்குண்டு பக்கம் சமவெளிச் சாலையில் ஓட்டச் சொன்னார். எண்ணெய் இறங்கவில்லை. முதலாளிக்கு அப்போதும் அரை மனது. மலைக்கும் விட்டுப் பார்ப்போம் என்றார். பாண்டி சிறுமலைக்கு ஏறி இறங்கி, ஏறி இறங்கி வந்தான். எண்ணெய் போட்ட இடத்திலேயே நின்றது.

துரைராஜ் கம்பியைத் துணியால் துடைத்து, உள்ளே விட்டு எடுத்து, முதலாளியின் முகத்துக்கு நேரே காட்டினார். பேனாவால் கோட்டைத் தொட்டுக் காட்டினார், அவ்வளவுதான்.

முதலாளி நேரே மண்டிக்குப் போனார். மண்டி வாசலில் ஒரு டீக்கடை. மலையிலிருந்து வாழைத்தார் இறக்க வரும் லோடுமேன்கள், வேன் டிரைவர்கள், தரகர்கள் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். அங்கே வைத்து, அத்தனை பேர் முன்னால், “எண்ணெயத் திருடித் தின்ன பயலா நீ? இனி என் வாசல்ல நிக்கக் கூடாது” என்று சவரிமுத்துவைச் சொல்லியிருக்கிறார். சவரிமுத்து கையிலிருந்த டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போய்விட்டாராம். அதன் பிறகு திண்டுக்கல்லில் யார் அவரிடம் சாவி கொடுப்பார்கள்? இரண்டு வாரம் ஒவ்வொரு ஸ்டாண்டாக நின்று பார்த்திருக்கிறார். இவர் போய்க் கேட்ட முதலாளிகள் எல்லாம் “பார்ப்போம்” என்றார்கள்.

நான் அவரைப் பஸ் நிலையத்தில் பார்த்தேன். பட்டறையில் கேட்கக் கூடாததை அங்கே கேட்டேன்.

“அண்ணே, மலையில இருந்து எப்படி எறக்குவீக?”

“எப்படின்னா?”

“எந்தக் கியர்ல?”

“ரெண்டாவதுதான். ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டா இன்ஜினே பிடிச்சுக்கிரும். பிரேக்க ரொம்பத் தொட வேண்டாம்.”

“ஆஃப் பண்ணி நியூட்ரல்ல விடமாட்டீகளா? எல்லாரும் அப்படித்தான விடுறாங்க.”

“எல்லாரும் விடுவாங்க தம்பி. பின்னாடி மொதலாளி பிள்ளைக உக்காந்திருக்கும்ல. பிரேக்கு சூடேறிக் காஞ்சு போச்சுன்னா கொண்டை ஊசில எதப் பிடிச்சு நிப்பாட்டுறது?”

நேரே பாண்டியைத் தேடிப் போய் அதையே கேட்டேன். அவன் சிரித்தான்.

“மேல உச்சில சாவியத் திருப்பி ஆஃப் பண்ணா, அடிவாரம் வரைக்கும் சும்மா உருண்டு வந்துரும்ணே. பெட்ரோல் மிச்சம்ல. மொதலாளிக்கும் சந்தோசம்.”

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். கால் எடுத்துவிட்டு இரண்டாம் கியரில் இறங்கும்போது, பெட்ரோல் இன்ஜினுக்குக் காற்று வரும் வழி மூடியிருக்கும். இன்ஜினோ சக்கரம் இழுத்த இழுப்பில் வேகமாகச் சுற்றும். காற்று கிடைக்காத இன்ஜின் கிடைத்த இடுக்கிலிருந்தெல்லாம் உறிஞ்சும். வால்வு சீல் காய்ந்து போயிருந்தால் மேலேயிருக்கும் எண்ணெயை உறிஞ்சி உள்ளே இழுக்கும். சமவெளியில் கால் எடுப்பது ஒரு நொடி, இரண்டு நொடி. சிறுமலையில் உச்சியிலிருந்து அடிவாரம் வரை அதுதான். அணைத்துப் போட்ட இன்ஜின் சுற்றுவதே இல்லை. அது எதை உறிஞ்சும்?

ஆக, ஒழுங்காக ஓட்டியவர் கையில் எண்ணெய் குறைந்தது. உயிரோடு விளையாடியவன் கையில் குறையவில்லை. ஒழுங்காக ஓட்டியவருக்குத் திருடன் என்று பெயர்.

துரைராஜிடம் சொன்னேன். காரணத்தை அவர் காதிலேயே வாங்கவில்லை.

“டிரைவர்கிட்ட யாரு உன்னப் பேசச் சொன்னது?” என்றுதான் கேட்டார்.

மண்டிக்குப் போய் முதலாளியைப் பார்த்தேன். தோட்டத்துக்கு எப்போது போகிறீர்கள், அன்றைக்கு நான் ஓட்டி வருகிறேன், ஒரு தடவை மட்டும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

திரும்பும்போது உச்சியில் சமமான இடமாகப் பார்த்துக் காரை நிறுத்தினேன். மேட்டில் சாய்ந்து நின்றால் கம்பி தவறாகக் காட்டும். எண்ணெய் முழுக்கக் கீழே வடியக் கொஞ்ச நேரம் விட்டு, கம்பியை எடுத்துக் காட்டினேன். மேல்கோட்டில் இருந்தது. பிறகு இரண்டாம் கியரில், சவரிமுத்து எப்படி இறக்குவாரோ அப்படியே இறக்கினேன். முதலாளி பின்சீட்டில் இருந்தார். அடிவாரத்தில் சாலை சமமாகும் இடத்தில், “பின்னாடி திரும்பிப் பாருங்க மொதலாளி” என்று சொல்லிவிட்டு ஆக்சிலேட்டரை அழுத்தினேன்.

பின்னால் சாலையே தெரியவில்லை. அவ்வளவு நீலப் புகை. எதிரே வந்த சைக்கிள்காரர் இறங்கி நின்றுவிட்டார். ஓரமாக நிறுத்தி, பொறுத்திருந்து மறுபடி கம்பியைக் காட்டினேன். கோட்டுக்குக் கீழே ஒரு விரல் கனம் இறங்கியிருந்தது.

“இதத்தான் அவரு தின்னாருன்னு சொன்னீக” என்றேன்.

முதலாளி கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்தார். “சரி, ரிப்பேரப் பாரு” என்றார். அவ்வளவுதான் அவர் வாயிலிருந்து வந்தது.

இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றினேன். காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் பக்கத்து வால்வுகளின் முதுகில் கரி அப்பியிருந்தது, அதுவும் ஈரமாக. வால்வைப் பிடித்து ஆட்டினால் கைடுக்குள் கடகடவென்று ஆடியது. ரப்பர் சீல்களை நகத்தால் அழுத்தினேன், அமுங்கவில்லை. ஒன்று கையிலேயே இரண்டாக உடைந்தது. புது கைடு அடித்து, வால்வு உட்காரும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்து, புது சீல் போட்டுப் பூட்டினேன். அதற்குப் பிறகு அந்தக் கார் இரண்டாம் கியரில் இறங்கினாலும் எண்ணெய் குடிக்கவில்லை.

கார் சரியாகிவிட்டது. சவரிமுத்து?

“வேணும்னா வந்து ஓட்டச் சொல்லு” என்றார் முதலாளி. நான் அதைச் சுமந்துகொண்டு சவரிமுத்து வீட்டுக்குப் போனேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“டீக்கடையில வச்சுச் சொன்னாரு தம்பி. டீக்கடையில வந்து இல்லைன்னு சொல்லட்டும். மறுநாளே வண்டி எடுக்குறேன்.”

அதில் என்ன பெரிய கேள்வி இருக்கிறது? நாலு பேர் முன்னால் எறிந்த சொல்லை நாலு பேர் முன்னால் எடுக்கச் சொன்னார். முதலாளியிடம் சொன்னேன். “ஒரு டிரைவருக்காக நான் டீக்கடைல போய் நிக்கணுமா?” என்றார். பாண்டியையே வைத்துக்கொண்டார்.

பொறுக்காமல் நானே அந்தக் கடைக்குப் போனேன். உடைந்த சீல்களைப் பெஞ்சில் கொட்டி, கூடியிருந்தவர்களிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். ஒரு லோடுமேன் சீலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்ப்பு. அப்ப மொதலாளி ஏன் வந்து சொல்லல?”

சீல்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். சவரிமுத்து கடைசியில் அதே மண்டித் தெருவில் தார் இறக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அவர் தலையில் தார் சுமந்து போகும்போது அந்த வெள்ளைக் கார் பக்கத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். நான் அந்த வருடமே துரைராஜின் பட்டறையை விட்டு வெளியேறித் தனியாகக் கடை போட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அதே கார் என் கடைக்கே வந்தது. சின்னாளபட்டிக்காரர் ஒருவர் விலைக்கு வாங்கியிருந்தார். பிரேக் பார்க்க வந்தவர், பானெட்டைத் தட்டிப் பெருமையாகச் சொன்னார்.

“பழைய வண்டிதான், ஆனா சொட்டு ஆயில் குடிக்காது. முன்னாடி ஒரு டிரைவர் ஆயிலத் திருடித் திருடி வித்தானாம். அவன நிப்பாட்டுன பெறகு குறையவே இல்லையாம். வித்தவரே சொன்னாரு.”

நான் செய்த ரிப்பேரைச் சவரிமுத்துவின் திருட்டுக்குச் சாட்சியாக்கிவிட்டார்கள். டிரைவர் போனதும் வண்டி சரியாயிற்று என்றால் கேட்பவன் வேறு என்ன நினைப்பான்? அன்று சாயங்காலமே முதலாளி வீட்டுக்குப் போனேன். சாய்வு நாற்காலியில் இருந்தார்.

“அடிவாரத்துல புகையக் கண்ணால பாத்தீகள்ல? பெறகும் எப்படி இப்படிச் சொன்னீக?”

“அட, வெளாட்டுக்குச் சொன்னதுப்பா. கார் விக்கிறப்ப ஏதாச்சும் பேசணும்ல.”

அந்த விளையாட்டுதான் கைமாறிக் கைமாறி, போன மாதம் கல்யாண மண்டபத்து மேடை வரைக்கும் வந்து உங்களைச் சிரிக்க வைத்தது.

முதலாளி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அந்தச் செய்தியைச் சவரிமுத்துவுக்குச் சொன்னவனும் நான்தான். தார் சுமந்து சுமந்து அவருக்குக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சாகுறதுக்கு முன்னாடி ஏதும் சொன்னாரா தம்பி?”

“இல்லண்ணே.”

துணியைத் திரும்பக் கட்டிக்கொண்டு வேனுக்குப் போனார். இப்போது அவர் வேலைக்குப் போவதில்லை. ஆனால் காலையில் அந்த டீக்கடைக்கு மட்டும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

சங்கத்துத் தம்பிகளுக்கு ஒரே ஒரு வேலை சொல்கிறேன். மலர் அச்சானதும் ஒரு பிரதியை மண்டி வாசல் டீக்கடைக்குக் கொண்டு போங்கள். காலையில் கூட்டம் இருக்கும் நேரமாகப் போங்கள். மேடையில் கதை சொன்ன தம்பியே போகட்டும். சவரிமுத்து எண்ணெய் திருடவில்லை என்று எழுதியிருக்கிற இந்தப் பக்கத்தை, அவர் உட்கார்ந்திருக்கும்போது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படியுங்கள்.